ரிசார்ட்: விடுதியா, நகரியமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரைத் தாண்டிவிட்டால் மாமல்லபுரம் வரை பெயர்ப்பலகைகளில் ஓயாமல் கண்ணில் படும் சொல் 'ரிசார்ட்'. சவுக்குத் தோப்புக்குள் பத்து அறைகளும் ஒரு நீச்சல்குளமும் இருந்தால் அது ரிசார்ட். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் சுமார் 25,000 ஏக்கரில் பரந்து கிடக்கும் பொழுதுபோக்கு வளாகமான வால்ட் டிஸ்னி வேர்ல்டும் ரிசார்ட்தான். அந்தப் பரப்பு, 2011 விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னை மாநகராட்சியின் பரப்பில் பாதியைவிட அதிகம். இந்த இரண்டுக்கும் தமிழில் 'சொகுசு விடுதி' என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். முதலாவதற்கு அது பொருந்தும். இரண்டாவதற்குப் பொருந்தவே பொருந்தாது. பொழுதுபோக்குப் பூங்காக்களின் போட்டியைப் பற்றித் தமிழில் படிக்கும்போது ஏற்படும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லிலிருந்தே கிளம்புகிறது.

சொல்லின் வேர் பழைய பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. 'சோர்திர்' என்றால் வெளியே செல்லுதல். 'ரெ' என்னும் முன்னொட்டு 'மீண்டும்' என்ற பொருளைத் தரும். ஆங்கிலத்துக்கு வந்தபோது, இக்கட்டில் ஒருவர் நாடிச் செல்லும் துணை என்பதே அதன் பொருள். நீதிமன்ற வழக்கில் அதற்கு மேல் முறையிட வழியில்லாத கடைசி மன்றத்தையும் இந்தச் சொல்லால் குறித்தார்கள். 'கடைசிப் புகல்' என்று நாம் சொல்வதற்கு இணையான ஆங்கிலத் தொடர் அங்கிருந்து வந்தது. ஓய்வுக்காக மக்கள் வழக்கமாகச் செல்லும் இடம் என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் கூடியது. வெந்நீர் ஊற்றுகளுக்காக பாத் நகருக்கும், கடல் குளியலுக்காக பிரைட்டனுக்கும் இங்கிலாந்தின் செல்வர்கள் பருவந்தோறும் சென்றார்கள். அந்த நகரங்களே ரிசார்ட் எனப்பட்டன. அப்போது அந்தச் சொல் ஒரு கட்டடத்தைக் குறிக்கவில்லை, முழு ஊரைக் குறித்தது.

இந்தப் பொருளைத் தமிழ் ஒரு காலத்தில் சரியாகவே பிடித்து வைத்திருந்தது. சென்னை மாகாண அரசே கோடையில் மலையேறிய காலத்து ஊட்டியைப் பற்றிப் பேசும்போது 'கோடை வாசஸ்தலம்', 'மலை வாசஸ்தலம்' என்றார்கள். பள்ளிப் பாடநூல்களிலும் அந்தத் தொடர் நெடுங்காலம் இருந்தது. பின்னர் அது 'கோடை வாழிடம்' ஆனது. ஊட்டியை யாரும் விடுதி என்று சொன்னதில்லை. ஊர் என்ற உணர்வு சொல்லிலேயே இருந்தது.

சொல் ஊரிலிருந்து கட்டடத்துக்குச் சுருங்கியது பிற்காலத்தில். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், டச்சுக் கோட்டை இருந்த இடத்தில், 1974இல் தாஜ் குழுமத்தின் கடலோர விடுதி வந்தது. அதன் பிறகு அந்தச் சாலையில் வந்தவையெல்லாம் தனித்தனி வளாகங்கள்: மதில், தோட்டம், அறைகள், உணவகம். இவற்றுக்கு 'ஓய்வு விடுதி' என்பது நல்ல தமிழ். 'சொகுசு' அந்த விடுதியின் தரத்தைச் சொல்லுமே தவிர, அது என்ன வகை இடம் என்பதைச் சொல்லாது. ஆகவே எல்லா ரிசார்ட்டுக்கும் அந்த அடைமொழியை ஒட்டவைக்க வேண்டியதில்லை. 2017 பிப்ரவரியில் சட்டமன்ற உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டபோது இந்தச் சொல் தமிழக அரசியலுக்குள்ளும் நுழைந்தது. 'ரிசார்ட் அரசியல்' என்ற தொடரில் புகலிடம் என்ற பழைய பொருள் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பது கவனிக்கத்தக்கது.

இனிப் பூங்காத் தொழிலுக்கு வருவோம். வால்ட் டிஸ்னி 1955 ஜூலையில் கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலாண்டைத் திறந்தபோது அவர் வாங்கியிருந்தது சுமார் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பு. பூங்கா பெருவெற்றி பெற்றது. ஆனால் அதைச் சுற்றி முளைத்த தங்கும் விடுதிகளும் உணவகங்களும் மற்றவர்களுடையவை. குடும்பங்கள் அவருடைய பூங்காவுக்காக ஊர் தாண்டி வந்தன. இரவுத் தங்கலுக்கும் காலை உணவுக்கும் அவை கொடுத்த பணம் அயலார் பைக்குப் போனது. இந்தப் பாடத்தின் விளைவுதான் ஃபுளோரிடா. 1960களின் நடுவில், வாங்குவது யாரென்று தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பதால், வேறு பெயர்களில் நிறுவனங்களை அமைத்து அந்தச் சதுப்பு நிலத்தை வாங்கினார்கள். டிஸ்னி 1966இல் இறந்துவிட்டார். 1971 அக்டோபரில் பூங்கா திறக்கப்பட்டபோது நிறுவனத்தின் சொந்த விடுதிகளும் உடன் திறந்தன. வந்தவர் வெளியே போக வேண்டிய தேவையே இல்லாதபடி அமைக்கப்பட்ட இடம் அது. பூங்காத் தொழிலில் 'ரிசார்ட்' என்றால் இதுதான்.

ஒரே பூங்காவில் புதிதாக ஓர் இராட்டினம் வைத்தால், ஏற்கெனவே வந்தவர்கள் மறுபடி வருவார்கள். ஆனாலும் ஒரே நாளில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். தனி நுழைவுச்சீட்டு உள்ள இன்னொரு பூங்காவைப் பக்கத்திலேயே கட்டினால் அவர்களுக்கு இன்னொரு நாள் வேண்டும். நாள் கூடினால் இரவும் கூடும். அப்படித் தனிச்சீட்டு உள்ள ஒவ்வொரு பூங்காவையும் அந்தத் தொழிலில் 'கேட்' என்று எண்ணுகிறார்கள். தமிழில் 'வாயில்' என்றே சொல்லலாம். ஃபுளோரிடாவில் டிஸ்னி 1982, 1989, 1998 ஆகிய ஆண்டுகளில் மூன்று வாயில்களைச் சேர்த்து நான்காக்கியது. அனஹைமிலும் டோக்கியோவிலும் 2001இல் இரண்டாம் வாயில் திறந்தது. அந்த மாற்றத்தை ஒட்டித்தான் அவ்விரண்டு இடங்களும் தங்கள் பெயரோடு 'ரிசார்ட்' என்பதைச் சேர்த்துக்கொண்டன. பூங்கா பழையபடி பூங்காவாகவே இருந்தது, அதைச் சுற்றியிருந்த முழு அமைப்புக்குத்தான் புதுப்பெயர் தேவைப்பட்டது.

பாரிஸ் நகருக்கு வெளியே நடந்தது இதை இன்னும் தெளிவாக்குகிறது. 1992 ஏப்ரலில் அங்கே டிஸ்னியின் ஒரே ஒரு பூங்காவோடு ஆறு விடுதிகள் திறக்கப்பட்டன. அறைகள் ஐயாயிரத்துக்கும் மேல். ஆனால் ஒரு பூங்காவைப் பார்க்க ஒரு நாளே போதும், பாரிஸ் நகரமும் பக்கத்தில் இருக்கிறது. அறைகள் எதிர்பார்த்தபடி நிரம்பவில்லை. கடன் சுமை அழுத்த, 1994இல் நிறுவனத்தின் நிதி அமைப்பையே மாற்றியமைக்க வேண்டி வந்தது. இரண்டாம் வாயில் 2002இல்தான் வந்தது. விடுதிகளை மட்டும் அடுக்கினால் ரிசார்ட் ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

டிஸ்னியின் எதிரணியான யுனிவர்சல் இதே பாதையில் நடந்தது. ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் 1990இல் திறந்த முதல் பூங்கா, படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிப் பார்க்கும் ஒருநாள் இடமாகத்தான் இருந்தது. டிஸ்னியைப் பார்க்க வந்த குடும்பம் ஒரு நாளை இதற்கு ஒதுக்கினால் அதுவே பெரிது. 1999இல் இரண்டாம் பூங்கா வந்தது, சொந்த விடுதிகள் வரத் தொடங்கின. 2010இல் ஹாரி பாட்டர் உலகம் திறந்ததும் காற்று திசை மாறியது. 2017இல் நீர்ப் பூங்கா. 2025 மே 22 அன்று எபிக் யுனிவர்ஸ் என்ற புதிய பூங்கா, மூன்று புதிய விடுதிகளோடு. இனி ஒரு குடும்பம் தன் விடுமுறை முழுவதையும் யுனிவர்சலிலேயே கழிக்கலாம். டிஸ்னியும் சும்மா இருக்கவில்லை. தன் பூங்காக்களுக்கும் சுற்றுலாக் கப்பல்களுக்குமாகப் பத்தாண்டுகளில் சுமார் 6,000 கோடி டாலர் செலவிடப்போவதாக 2023இல் அறிவித்தது. இந்தப் போட்டி எந்த இராட்டினம் உயரமானது என்பதற்கானது என்று நினைத்தால் பாதிதான் புரியும். குடும்பத்தின் விடுமுறை இரவுகள் யாரிடம் கழிகின்றன என்பதே பந்தயம்.

இப்படிப்பட்ட இடத்துக்குத் தமிழில் என்ன பெயர்? 'உல்லாச விடுதி' கூடாது. நாளிதழ்களின் குற்றச் செய்திகள் 'உல்லாசம்' என்ற சொல்லை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றன என்பது படிப்பவர்களுக்குத் தெரியும். குழந்தைகளோடு போகும் இடத்துக்கு அது ஆகாது. 'கேளிக்கை'க்கும் நிழல் விழுந்திருக்கிறது. கேளிக்கை வரி என்ற அளவில் அது சரி. கேளிக்கை விடுதி என்றவுடன் மதுக்கூடம் நினைவுக்கு வருகிறது. 'ஓய்வகம்' அழகாக இருக்கிறது, ஆனால் மறுபடியும் ஒரு கட்டடத்தைத்தான் காட்டுகிறது.

எனக்குச் சரியாகப் படுவது 'நகரியம்'. இது புதிதாக உருவாக்க வேண்டிய சொல் அல்ல, நெய்வேலியிலும் கல்பாக்கத்திலும் புழக்கத்தில் இருப்பது. ஒரு நிறுவனம் தன் நோக்கத்துக்காக நிலம் எடுத்து, சாலை போட்டு, தண்ணீரும் விளக்கும் தந்து, தானே நிர்வகிக்கும் ஊருக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அது. ஃபுளோரிடாவில் நடந்ததும் சொல்லுக்குச் சொல் இதுதான். 1967இல் அந்த மாநிலச் சட்டமன்றம் டிஸ்னி நிலத்துக்கென்றே ரீடி கிரீக் மேம்பாட்டு மாவட்டம் என்ற ஓர் அமைப்பை உருவாக்கியது. சாலை, வடிகால், தீயணைப்பு, கட்டட அனுமதி எல்லாம் அதன் கையில். நிறுவனத்தின் செல்வாக்கில் இருந்த அந்த அமைப்பை 2023இல் மாநில அரசு தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து பெயரையும் மாற்றியது; அதை ஒட்டி எழுந்த சண்டை உலகச் செய்தியானது. 'சொகுசு விடுதிக்கு எதற்கு மேம்பாட்டு மாவட்டம்?' என்று தமிழ் வாசகர் திகைப்பார். 'நகரியம்' என்றால் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே பூங்காக்கள் கூடிய ரிசார்ட்டை 'பூங்கா நகரியம்' என்று எழுதலாம். அதன் விரிவாக்கம் 'நகரிய விரிவாக்கம்'.

'தீம் பார்க்' என்பதற்கு வழங்கும் 'கருப்பொருள் பூங்கா'வைச் சிலர் செயற்கையானது என்று ஒதுக்குகிறார்கள். நான் அதன் பக்கம் நிற்கிறேன். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று எண்ணுகிறது. நிலம் மாறினால் உணவு மாறும், இசை மாறும், மக்கள் செய்யும் வேலை மாறும். தீம் பார்க்கின் அமைப்பு விதியும் இதுவே. ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குள் கால் வைத்ததும் மரம், கட்டடம், கடையில் விற்கும் தின்பண்டம், ஒலிபெருக்கியில் வரும் இசை, ஊழியரின் உடை எல்லாம் மாறிவிட வேண்டும். எபிக் யுனிவர்ஸ் தன் ஐந்து பகுதிகளை ஐந்து உலகங்கள் என்கிறது. நமக்கு ஐந்திணை தெரியும். வெறுமனே இராட்டினங்களும் சறுக்குகளும் உள்ள இடத்தைக் கருப்பொருள் பூங்கா என்று சொல்ல வேண்டாம்; அது பொழுதுபோக்குப் பூங்கா. இந்த வேறுபாட்டை நம் நாளிதழ்கள் கடைப்பிடித்தால் நன்றாக இருக்கும்.

பொறிகளால் மகிழ்விக்கும் தோட்டம் தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலை காட்டும் அரண்மனைத் தோட்டத்தில் எந்திரக் கிணறு உண்டு, கட்டிவைத்த குன்று உண்டு, அதிலிருந்து விழும் அருவி உண்டு, நீரை மறைத்து வைத்த கேணி உண்டு, ஒளிந்து விளையாடும் இடங்களும் பளிங்கு அறையும் உண்டு. புகாரில் அரசனும் அவன் உரிமை மகளிரும் ஆடுவதற்கென்று இருந்த நீர்சூழ் சோலைக்கு 'இலவந்திகை' என்று பெயர். பாண்டியன் ஒருவன் 'இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன்' என்றே அழைக்கப்படுகிறான். இந்தச் சொல்லை ரிசார்ட்டுக்கு மீட்டெடுக்கலாமே என்ற ஆசை எழத்தான் செய்கிறது. ஆனால் இலவந்திகை காவல் உள்ள சோலை, பொதுமக்களுக்கு அங்கே இடமில்லை. சீட்டு வாங்கியவர் எவரும் நுழையும் இடத்துக்கு அதைச் சூட்டினால் சொல்லின் வரலாறு மறைந்துவிடும். ஒரு தனிப் பூங்காவுக்குப் பெயராக வைத்தால் மகிழ்வேன்.

'சுற்றுலாத் தலம்' என்பதையும் இதோடு பிரித்துக்கொள்ள வேண்டும். தலம் என்பது பாடல் பெற்ற தலம், தலபுராணம் என்று கோயில் வழக்கிலிருந்து வந்தது. வரலாறும் இயற்கையும் ஏற்கெனவே அங்கே இருக்கும். மாமல்லபுரம் சுற்றுலாத் தலம். பூங்கா நகரியம், ஒன்றுமில்லாத நிலத்தில் பணம் போட்டு உருவாக்குவது.

இந்த அளவுகோலைச் சென்னைக்கு வைத்துப் பார்த்தால், இங்கே பூங்கா நகரியம் இன்னும் வரவில்லை. ஈஞ்சம்பாக்கத்தின் விஜிபி, முட்டுக்காட்டின் எம்ஜிஎம் டிஸி வேர்ல்ட், 1990களில் தாம்பரம் பக்கம் வந்த கிஷ்கிந்தா, பூந்தமல்லிக்கு அப்பால் குயின்ஸ்லாண்ட் ஆகியவை பள்ளிச் சுற்றுலா பஸ்களும் குடும்பங்களும் காலையில் வந்து மாலையில் திரும்பும் இடங்களாகவே வளர்ந்தன. அவற்றுக்கிடையிலான போட்டி ஞாயிற்றுக்கிழமைக்கான போட்டி, இரவுக்கானது அல்ல. திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா தன் ஐந்தாவது பூங்காவைத் திறந்தபோதும் அது ஒரே வாயில் கொண்ட பூங்காதான். பெங்களூருவில் அந்த நிறுவனம் பூங்காவை ஒட்டி நடத்துவதற்கு ரிசார்ட் என்றே பெயர்; நம் கணக்கில் அது ஓய்வு விடுதி. இந்தியாவில் நகரியத்துக்கு அருகில் வரும் ஓர் இடம் ஹைதராபாத்தின் ராமோஜி ஃபிலிம் சிட்டி. தளங்களும் விடுதிகளும் உள்ளே ஓடும் பஸ்களும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. ஆனால் அது பூங்காவாகப் பிறக்கவில்லை, படப்பிடிப்புக்காகப் பிறந்தது.

நாளை இள்ளலூரில் பூங்காவின் பக்கத்தில் அறைகள் எழுந்தால், 'பூங்காவோடு ஓய்வு விடுதி' என்று எழுதினால் போதும். அதன் அருகில் தனிச்சீட்டோடு இரண்டாம் பூங்கா ஒன்று திறந்து, மூன்று நாள் சீட்டும் விற்கத் தொடங்கினால், அன்று செய்தித் தலைப்பில் 'பூங்கா நகரியம்' என்று போடலாம்.