காரம் இல்லாத சவர்க்காரமா?

மூன்று கிழமைக்கு முன் ஒரு பிள்ளை என்னிடம் வந்தாள். கையில் ஓலைப்பெட்டி, அதற்குள் அவளே செய்த வேப்பெண்ணெய்ச் சவர்க்காரம். "அக்கா, இதைப் போட்டால் அம்மாவுக்குக் கை எரியுதாம். இயற்கையா எல்லோ செய்தனான்?" என்றாள். ஒரு கட்டியை நனைத்து, காரம் எவ்வளவு என்று காட்டும் பி.எச். தாளை வைத்தேன். 11ஐத் தாண்டிவிட்டது. நன்றாக முதிர்ந்த கட்டி 9க்கும் 10க்கும் இடையில் நிற்கும்.

எப்படிச் செய்தாள் என்று கேட்டேன். தேங்காய் எண்ணெய்க்கு எழுதிய அளவை வைத்துக்கொண்டு, பாதி எண்ணெயை மட்டும் வேப்பெண்ணெயாக மாற்றியிருக்கிறாள். பிழை அங்கேதான். எண்ணெயைச் சவர்க்காரமாக்கும் காரம் கொஸ்டிக் சோடா. 1 கிலோ தேங்காய் எண்ணெய் அதில் ஏறத்தாழ 183 கிராமை ஏற்கும். வேப்பெண்ணெய் 138 கிராம் அளவுதான் ஏற்கும். தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று 5 சதவீதம் குறைத்து 174 கிராம் போட்டிருக்கிறாள். ஆனால் பாதிக்குப் பாதி கலந்த எண்ணெய்க்கு மொத்தமே 160தான் வேண்டும். மிச்சம் 14 கிராம் காரம் கட்டிக்குள் அப்படியே கிடந்திருக்கிறது. அம்மாவின் கையை எரித்தது அதுதான்.

"கெமிக்கல் இல்லாத சவர்க்காரம்" என்று விற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கும். சவர்க்காரம் என்ற சொல்லுக்குள்ளேயே காரம் இருக்கிறது. காரம் சேராமல் எண்ணெய் சவர்க்காரம் ஆகாது. அளவு சரியாக இருந்தால் அந்தக் காரம் முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து சவர்க்காரமும் கிளிசரினுமாக மாறிவிடும். அதனால் கரண்டிக் கணக்கு வேண்டாம். கிராம் காட்டும் தராசு இல்லாவிட்டால் தொடங்கவே வேண்டாம்.

சோடாவைத்தான் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மாறிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, காற்றோட்டமான விறாந்தையில் செய்யுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காரம் அதை அரித்து ஐதரசன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் போதும். கையில் பட்டால் தேசிக்காய்ப்புளி தேடி ஓடாமல், ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவுங்கள். கண்ணில் பட்டால் அப்படியே கழுவிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிச்சக் காரக் கரைசலைக் குடிக்கிற சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே வேண்டாம், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருப்பவை. அந்த வன்னீரில் உள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகத் திரளும். அதனால் காரம் கரைக்க நான் காய்ச்சி வடித்த நீர்தான் எடுப்பேன். குளிக்கும்போது நுரை குறைகிறது என்று குறைப்படுகிறவர்களுக்கும் இதுதான் பதில். தேங்காய் எண்ணெயைக் கூட்டினால் நுரை வரும், ஆனால் அளவு மீறினால் தோல் வறளும்.

இன்னொன்று. வேப்பெண்ணெயோ இலுப்பெண்ணெயோ கலந்தது என்பதற்காகச் சிரங்கும் எக்ஸிமாவும் மாறும் என்று சொல்லி விற்காதீர்கள். தோல் இயல்பில் சற்றே அமிலம், சவர்க்காரம் எதுவானாலும் காரத்தன்மை உள்ளது. வெடித்த தோலுக்கு அது எரிச்சலைக் கூட்டலாம். அப்படிப்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அந்தப் பிள்ளையின் கட்டிகளை எறியவில்லை. துருவி, 125 கிராம் தேங்காய் எண்ணெய் சேர்த்து, மெல்லிய சூட்டில் இளக்கி, திரும்ப அச்சில் ஊற்றினோம். இப்போது என் வீட்டு விறாந்தையில், நிழலில் காய்கிறது. நேற்றுத் தாளை வைத்துப் பார்த்தேன், 10க்குக் கீழே வந்திருக்கிறது. அம்மாவுக்குக் கொடுக்க இன்னும் மூன்று கிழமை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.