ஃபுட்டிங்: தூணின் அடிமானம்

சரிவிலோ, மண் கொட்டி மேடாக்கிய இடத்திலோ மரத்தளம் (டெக்) போடுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் காதில் விழும் சொல் ஃபுட்டிங். பலர் இதை அஸ்திவாரம் என்றே சொல்லிவிடுகிறார்கள். கடைக்கால், அஸ்திவாரம் எல்லாம் பாரத்தைத் தாங்கும் அமைப்பு மொத்தத்துக்குமான பெயர்கள். தூணோ சுவரோ மண்ணில் உட்காரும் இடத்தில் அகன்று பரவும் அடிப்பகுதி மட்டும்தான் ஃபுட்டிங்.

சொல்லின் வேர், பாதத்தைக் குறிக்கும் 'ஃபுட்'. வடமொழி வழியாக நமக்கு வந்த 'பாதம்' அதற்குத் தூரத்து உறவு. இரண்டுக்கும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலம். கால் ஊன்றும் பிடிமானம் என்ற பொருளும் ஃபுட்டிங்குக்கு உண்டு.

தமிழில் 'அடித்தளம்' என்று எழுதுகிறார்கள். மேலே மரத்தளம், கீழே அடித்தளம் என்றால் படிப்பவருக்குக் குழப்பம்தான். 'அடிமானம்' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அடி என்றால் பாதம், அடி என்றால் கீழ்ப்பகுதி. இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. தனித்துச் சொல்ல வேண்டுமென்றால் தூண் அடிமானம் எனலாம்.

எதற்காக அகலப்படுத்த வேண்டும்? ஒரு தூணில் 900 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள தூண் நேரே மண்ணில் நின்றால் சதுர மீட்டருக்கு 90,000 கிலோ அழுத்தம். அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகள், சோதனை செய்யாத களிமண்ணுக்கு ஏறத்தாழ 7,300 கிலோதான் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. பக்கத்துக்கு 40 செ.மீ. அடிமானம் போட்டால் அழுத்தம் சுமார் 5,600 கிலோவுக்கு இறங்கிவிடும். கான்கிரீட்டின் சொந்த எடையையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும்.

இந்தக் கணக்கெல்லாம் கலையாத மண்ணுக்குத்தான். கொட்டிய மண்ணில் இடைவெளிகள் அதிகம். நீர் இறங்கினால் அமுங்கும்; வேர், கட்டை, குப்பை கலந்திருந்தால் அவை மட்கி இன்னும் அமுங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவாக அமுங்கினாலாவது பரவாயில்லை. ஒரு தூண் இறங்கி இன்னொன்று நின்றால்தான் தளம் கோணும். ஆகவே அடிமானக் குழி கொட்டிய மண்ணைத் தாண்டி இயற்கை மண்ணைத் தொட வேண்டும். தோண்டும்போது செங்கல் துண்டு வந்தால் இன்னும் கொட்டிய மண்ணில்தான் நிற்கிறீர்கள். புதிதாக நிரப்புவதானால் 15–20 செ.மீ. அடுக்காகப் போட்டு, அளவான ஈரத்தோடு ஒவ்வொரு அடுக்கையும் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். மொத்தமாகக் கொட்டிவிட்டு மேலே மட்டும் இடிப்பது வீண் வேலை.

சரிவில் சிக்கல் வேறு. பாரம் அழுத்தும்போது அடிமானத்தின் பக்கவாட்டு மண் பிதுங்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். சரிவின் கீழ்ப்பக்கத்திலோ பிடிக்க மண்ணே குறைவு. மூன்று மீட்டர் கிடைத்தூரத்துக்கு ஒரு மீட்டர் உயரம் என்பதைவிடச் செங்குத்தான சரிவானால், சரிவின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரமாவது அடிமானத்துக்கும் சரிவின் முகத்துக்கும் இடையே இருக்கட்டும் என்கின்றன அதே விதிகள். அந்தத் தூரம் கிடைக்க அடிமானத்தைச் சரிவின் மேற்பக்கமாக நகர்த்தலாம், அல்லது ஆழமாக இறக்கலாம். எப்படியானாலும் அடிமானத்தின் அடி மட்டமாக இருக்க வேண்டும், சரிவோடு சாய்ந்து போகக் கூடாது. குளிர்நாடுகளில் உறைபனி எட்டும் ஆழத்துக்கும் கீழே போக வேண்டும். இல்லாவிட்டால் உறையும் மண் அதைத் தூக்கிவிடும்.

நிரப்பு மண் மிக ஆழமென்றால் தோண்டிக்கொண்டே இருக்க முடியாது. அங்கே திருகு முளை உதவும். அயர்லாந்துப் பொறியாளர் அலெக்சாண்டர் மிட்செல் 1833-இல் காப்புரிமை பெற்றது அது. கண்பார்வை இழந்த அவர், கலங்கரை விளக்கங்களைக் கடல் மணலில் நிறுத்த அதைப் பயன்படுத்தினார். இரும்புத் தண்டில் பொருத்திய சுருள் தகடு கெட்டி மண்ணில் போய் உட்கார்ந்து அடிமானத்தின் வேலையைச் செய்கிறது. திருகும்போது மண் தரும் எதிர்ப்பை அளந்தே அது எவ்வளவு தாங்கும் என்று கணிக்கிறார்கள்.