உருளைக்குள் நுழைந்த தோட்டாவெல்லாம் சுடத்தக்கதல்ல

மீண்டும் ஒரு வெப்லி மார்க் 6 ரிவால்வர் பட்டறைக்கு வந்திருக்கிறது. அதில் மிஞ்சியது வந்திருக்கிறது என்று சொல்வதே சரி. தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளையில், சுட்ட அறையும் அதன் இருபுறத்து அறைகளும் வெளிச்சுவரை இழந்துவிட்டன. உருளைக்கு மேலே செல்லும் இரும்புப் பட்டை வில்லாக வளைந்து நிற்கிறது. சுட்டவரின் விரல்கள் தப்பின. காரணத்தைக் கேட்டபோது, எனக்குச் சலித்துப்போன அதே பதில் வந்தது: ".45 ஏசிபி தோட்டா அதில் கச்சிதமாகப் பொருந்துகிறதே!"

.45 ஏசிபி என்பது தானியங்கிக் கைத்துப்பாக்கிகளுக்கான அமெரிக்கத் தோட்டா. அது இதில் பொருந்துகிறது என்பது உண்மைதான். பொருந்தும்படி யாரோ செய்துவைத்தார்கள். 1915இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற இந்த ரிவால்வர் .455 வெப்லி தோட்டாவுக்காகப் பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உபரியாக அமெரிக்கச் சந்தைக்குப் போனவற்றில், .455 தோட்டா அங்கே எளிதில் கிடைக்காததால், உருளையின் பின்முகத்தைக் கடைந்து மெல்லியதாக்கி, அரைநிலா வடிவத் தகட்டில் செருகிய .45 ஏசிபி தோட்டாக்களை ஏற்கும்படி வியாபாரிகள் மாற்றி விற்றார்கள். மாறியது உருளையின் நீளம் மட்டுமே. அதன் எஃகு மாறவில்லை, சுவரின் தடிமன் கூடவில்லை.

இங்கேதான் நிதானமாகக் கணக்குப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். .455 தோட்டாவின் மார்க் 2 வகைக்கு இன்று ஐரோப்பியத் தரக்குழு அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 900 பார், அதாவது சதுர அங்குலத்துக்குச் சுமார் 13,000 பவுண்டு. .45 ஏசிபிக்கு அமெரிக்கத் தரநிலை அனுமதிப்பது 21,000 பவுண்டு. கைத்துப்பாக்கிகளை வேண்டுமென்றே மிகையழுத்தத் தோட்டாவால் சுட்டுப் பார்க்கும் அதே தரக்குழுவின் சோதனையில்கூட, வழக்கமான உச்சத்துக்கு மேல் முப்பது விழுக்காடு அளவில்தான் அழுத்தம் ஏற்றப்படுகிறது. 13,000 உடன் முப்பது விழுக்காட்டைக் கூட்டினாலும் 17,000ஐ எட்டாது. ஆக, கடையில் வாங்கிய, எந்தக் குறையுமற்ற ஒரு .45 ஏசிபி தோட்டாவே, ஒரே ஒருமுறை தாங்கினால் போதும் என்று வைக்கப்படும் அளவைக்கூட ஒவ்வொரு சுடுகையிலும் தாண்டக்கூடியது.

"பல ஆண்டுகளாக இப்படித்தான் சுடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவரிடம் எனக்குப் பொறுமை குறைவு. தன் எல்லைக்கு மேல் இழுக்கப்படும் எஃகு முதல் நாளே முறிந்து உங்களை எச்சரிக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கில்லை. உருளையை நிறுத்தும் பள்ளங்கள் இருக்கும் இடத்தில், சுவர் மிக மெலிந்திருக்கும் அந்த இடத்தில், கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கி ஒவ்வொரு சுடுகையிலும் சிறிது நீளும். நேற்றுவரை சுட்டது இன்றைய வலிமைக்குச் சான்றாகாது. மீதமிருந்த ஆயுளில் எவ்வளவு செலவாயிற்று என்பதற்கு வேண்டுமானால் சான்றாகலாம்.

இவ்வளவு சொல்வதால் இந்தப் பழைய ஆயுதத்தைச் சுடவே கூடாது என்று நான் வாதிடவில்லை. கையால் வெடிமருந்து கெட்டித்துத் தோட்டா தயாரிப்பவருக்கு இதை அதன் இயல்பான அழுத்தத்தில் சுடும் வாய்ப்பு இருக்கிறது. 265 கிரெயின் (சுமார் 17 கிராம்) எடையுள்ள மென்மையான ஈயக்குண்டு, விநாடிக்குச் சுமார் 600 அடி வேகம்: ராணுவம் இதிலிருந்து எதிர்பார்த்தது அவ்வளவே, அதற்குமேல் பெற முயல்வது பேராசை. கடைந்த உருளையாக இருந்தால், தடித்த விளிம்புள்ள .45 ஆட்டோ ரிம் கூட்டை (மருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளை உறையை) .455இன் அழுத்த அளவுக்குள் நிரப்புவது முறையான வழி. மருந்தின் அளவை அச்சிட்ட நூலிலிருந்து எடுங்கள், நண்பர் காதில் சொன்னதிலிருந்து எடுக்காதீர்கள். அப்படி நிரப்பியவற்றைத் தனிப்பெட்டியில், பெயரெழுதி வையுங்கள்.

மார்க் 1 போன்ற தொடக்கக்கால வெப்லிகள், புகை கக்கும் பழைய வெடிமருந்தான கருமருந்தின் காலத்தில் வடிவமைக்கப்பட்டவை. அவற்றில், பின்னால் வந்த வீரியம் மிகுந்த புகையில்லா மருந்தைக் கருமருந்தின் அதே கொள்ளளவுக்கு நிரப்புவதைப் போன்ற மடமை வேறில்லை. கருமருந்துக்கென்று அளந்த விசாலமான கூட்டில் புகையில்லா மருந்து அடியில் சிறிதளவே கிடக்கும். ஆகவே அதே கூட்டில் இருமுறை ஊற்றினாலும் வழியாது, வெளியே தெரியாது. குண்டைப் பொருத்துவதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கு அடித்துப் பாருங்கள். மேசையில் ஒரு மருந்து டப்பாவுக்கு மேல் இருக்க வேண்டாம். தொலைபேசி ஒலித்தால் எழுந்து போங்கள், ஆனால் திரும்பி வந்து விட்ட இடத்தை ஊகித்துத் தொடராதீர்கள். அந்த வரிசை முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

கடினமான ஈயக்கலவையோ செம்புறை போர்த்திய குண்டோ இதற்கு வேண்டாம். உருளையின் முன்வாய் பல வெப்லிகளில் குழலைவிடக் குறுகியது என்பதால்தான், அடியில் குழிவுள்ள மென்மையான ஈயம் பயன்படுத்தப்பட்டது: குறுகலில் நெளிந்து நுழைந்து, குழலில் மறுபடி விரியும். விறைப்பான குண்டு அங்கே அடைப்பாக நின்று அழுத்தத்தை ஏற்றிவிடும்.

வழக்கத்தைவிட மெலிந்த சத்தம் கேட்டால், தயவுசெய்து, அடுத்த தோட்டாவைச் சுடாதீர்கள். துப்பாக்கியைக் குறியை நோக்கியே சிறிது நேரம் பிடித்திருந்து, பிறகு மடக்கித் திறந்து, எல்லாத் தோட்டாக்களையும் வெளியே எடுத்தபின் குழலுக்குள் ஒரு கோலை விட்டுப் பாருங்கள். குண்டு உள்ளே நிற்குமானால் அப்படியே எடுத்து வாருங்கள். சுத்தியலால் அடித்துக் குழலின் உட்சுவரில் வெட்டிய சுழல் வரிகளைச் சிதைத்தபின் கொண்டுவருவதைவிட எனக்கு அதுவே வேலையைக் குறைக்கும்.