கல்ட் படம் வழிபாட்டுப் படமா?

'வழிபாட்டு நகைச்சுவை' என்று மறுபடியும் ஒரு கட்டுரையில் கண்டேன். பக்திப் படத்து நகைச்சுவைக் காட்சியாக்கும் என்று படித்தால், சிலர் மட்டும் தலையில் வைத்துக் கொண்டாடும் கல்ட் (cult) காமெடியைத்தான் அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

வேர் லத்தீன். கோலெரே என்றால் உழுதல், பேணுதல், வழிபடுதல். அதிலிருந்து குல்டுஸ், அப்புறம் கல்ட். கல்ச்சருக்கும் இதே வேர்தான். மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்துக்கொண்டு மூடிவிட்டார். ஊரோடு ஒட்டாத சிறு சமயக் குழுவுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். படங்களுக்கு வந்தது அந்தப் பொருள். பித்து பெரிது, கூட்டம் சின்னது. கோடிப் பேர் கொண்டாடும் படத்தை யாரும் கல்ட் என்பதில்லை. 'வழிபாடு' என்றதும் அந்தச் சின்னக் கூட்டம் காணாமல் போகிறது.

இன்னொரு கூத்தும் உண்டு. மாண்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் 'லைஃப் ஆஃப் பிரையன்' (1979) படத்தில், இரட்சகன் என்று தவறாக நம்பப்பட்ட ஒருவன், என்னைப் பின்பற்றாதீர்கள் என்று கூட்டத்திடம் மன்றாடுகிறான். நார்வே தடைசெய்தது, நார்வேயே தடைசெய்யும் அளவுக்குச் சிரிப்பு என்று ஸ்வீடனில் விளம்பரம் செய்தார்கள். கும்பிடுகிறவர்களைக் கிண்டலடிக்கும் படத்துக்கு வழிபாட்டுப் படம் என்று பெயர்! நகை பிறக்கும் இடங்களில் தொல்காப்பியர் முதலில் வைத்தது எள்ளலை, பணிவை அல்ல.

நம்மிடம் 'குழூஉ' இருக்கிறதே. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி வழங்கும் சொல் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை நன்னூல் உரைகள் குழூஉக்குறிக்குக் காட்டும். கல்ட் காமெடியில் நடப்பதும் இதுதான். 1970களில் நள்ளிரவுக் காட்சிக்குப் போனவர்களுக்கு மட்டும் கிடைத்ததை, 1976இல் ஜப்பானில் வந்த விஎச்எஸ் வீடியோ கேசட் வீட்டுக்குள் கொண்டுவந்தது. முதல் தடவை 'என்ன கண்றாவி இது' என்று தோன்றிய அபத்தம், மூன்றாம் தடவை ரீவைண்ட் செய்யும்போது வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும். அப்புறம் ஒருவர் பாதி வசனத்தைச் சொன்னால் போதும், மீதியை இன்னொருவர் முடிப்பார். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

ஆகவே குழூஉப் படம், குழூஉ நகைச்சுவை. பிடிக்காவிட்டால் 'கல்ட்' என்றே எழுதுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். 'ழூஉ' என்று நீளும் அளபெடைக்குப் பயந்து 'குழுப் படம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது எல்லோரும் வரிசையாக நின்று எடுத்துக்கொள்வது.