மூன்று மாதம் பொறுக்கலாமா? விந்தணுக் குறைபாடும் சிகிச்சையைத் தள்ளிப்போடும் முடிவும்

விந்துப் பரிசோதனை அறிக்கையில் ஓர் எண் குறைந்திருப்பதைக் கண்டவுடன், "மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டு உடம்பைத் தேத்திக்கிட்டு வர்றோம் டாக்டர்" என்று எழுந்துவிடும் தம்பதியர் இருக்கிறார்கள். இந்த மாதமே ஐவிஎஃப் (கருமுட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கும் சிகிச்சை) தொடங்கியாக வேண்டும் என்று பரபரப்பவர்களும் இருக்கிறார்கள். கருத்தரிப்புச் சிகிச்சைப் பிரிவில் இந்த இரு தரப்பினரையும் நாள்தோறும் சந்திக்கிறேன். இரு தரப்பினரிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மூன்று மாதம் கழித்து எண்கள் கூடியிருந்தால், நாம் செய்யப்போகும் சிகிச்சை மாறுமா?

மூன்று மாதம் என்ற கணக்குக்கு உடலியல் காரணம் உண்டு. விரையில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாட்களும், அதன்பின் விரையை ஒட்டியுள்ள சுருள் குழாயில் முதிர்ந்து நீந்தும் திறன் பெற ஏறத்தாழ இரண்டு வாரமும் ஆகின்றன. ஆகவே இன்று கொடுக்கும் மாதிரி, முந்தைய சுமார் மூன்று மாதங்களில் அந்த உடல் எப்படி இருந்தது என்பதையே காட்டுகிறது. இடையில் டெங்குவோ டைபாய்டோ வந்து கடும் காய்ச்சலில் படுத்திருந்தவரின் அறிக்கை மோசமாக இருப்பதில் வியப்பில்லை. அவருக்குப் பொறுத்திருந்து மறுபரிசோதனை செய்வதே சிகிச்சை.

முதலில் அந்த அறிக்கையை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு, ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்களையும், 42 விழுக்காடு அசைவையும், 4 விழுக்காடு இயல்பான வடிவத்தையும் கீழ் எல்லையாகக் கொடுக்கிறது. இவை குழந்தை பெற்ற ஆண்களின் மாதிரிகளிலிருந்து வகுத்த எல்லைகளே தவிர, இவற்றுக்குக் கீழே போனால் கருத்தரிக்காது என்று பொருளல்ல. இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மிகாமலும் இடைவெளி விட்டிருந்தாரா, மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு வந்ததா, சேகரிக்கும்போது முதலில் வெளிப்பட்ட பகுதி டப்பாவுக்கு வெளியே சிந்தியதா என்றெல்லாம் கேட்பேன். விந்தணுக்களில் பெரும்பகுதி அந்த முதல் பகுதியில்தான் இருக்கும். அது தவறினால் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை. கூச்சத்தால் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, அந்த ஒரே தாளை வைத்துக்கொண்டு பல மாதம் மனம் உடைந்திருப்பவர்கள் உண்டு.

இரண்டாவது அறிக்கையிலும் குறை தெரிந்தால், காரணத்தைத் தேட வேண்டும். பொறுப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது அதுவே. புகை, மது, வாயில் அடக்கும் புகையிலை, உடல் பருமன், பாய்லர் அருகிலோ பேக்கரி அடுப்படியிலோ நாள் முழுவதும் நிற்கும் வேலை ஆகியவை ஓரளவு திருத்தக்கூடியவை. கையால் தொட்டே உணரக்கூடிய அளவு வெரிகோசீல் (விரைப்பையில் உள்ள ரத்தநாளங்களின் வீக்கம்) இருந்து அறுவை சிகிச்சை செய்தால், பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஸ்கேனில் மட்டும் தெரிகிற சிறிய வெரிகோசீலுக்கு அறுவை சிகிச்சை தேவையில்லை. ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்மையைக் கூட்டும் என்று நம்பி அதைப் போடுகிறார்கள். அதுவோ மூளையிலிருந்து விரைக்கு வரும் ஹார்மோன் கட்டளையை நிறுத்தி, விந்தணு உற்பத்தியையே முடக்கிவிடுகிறது. நிறுத்திய பின் மீண்டுவர ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். மனைவிக்கு இருபத்தெட்டு வயது, கருக்குழாய்கள் திறந்திருக்கின்றன என்றால், அந்த ஊசியை நிறுத்திவிட்டுக் காத்திருக்குமாறு தயங்காமல் சொல்வேன். இயற்கையாகவோ, விந்தணுக்களைக் கருப்பைக்குள் நேரடியாகச் செலுத்தும் ஐயூஐ மூலமாகவோ கருத்தரிக்கும் வாய்ப்பு அவர்களுக்குத் திரும்பக்கூடும். அங்கே காத்திருப்பு சிகிச்சையையே மாற்றுகிறது.

இன்னொரு தம்பதியரை நினைத்துப் பாருங்கள். மனைவிக்கு முப்பத்தெட்டு வயது, கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ஹார்மோன் அளவு குறைவு, கருக்குழாய்கள் இரண்டும் அடைபட்டிருக்கின்றன. கணவருக்கு அசைவு மட்டும் சற்றுக் குறைவு. இவர்களுக்கு எப்படியும் ஐவிஎஃப் தேவை, விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் ஒரு கருமுட்டைக்கு ஒரு விந்தணு போதும். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு அசைவு பத்து விழுக்காடு கூடினாலும் செய்யப்போவது அதே இக்ஸிதான். இடையில் கரைந்த கருமுட்டைகள் திரும்பி வரமாட்டா. "செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021 சட்டத்துல பெண்ணுக்கு 50 வயசு வரைக்கும் அனுமதி இருக்கே" என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். அது சட்டம் அனுமதிக்கும் வயது. சொந்தக் கருமுட்டையின் வாய்ப்போ முப்பத்தைந்துக்குப் பின் வேகமாகச் சரிந்து, நாற்பதுகளின் நடுவில் மிகச் சொற்பமாகிவிடுகிறது. ஏற்கெனவே 'ஆடி கழியட்டும்', 'தை பிறக்கட்டும்' என்று போன மாதங்களையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

இவ்விரு முனைகளுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் முடிவு கடினம். மனைவிக்கு முப்பத்தாறு வயது, மீண்டும் மீண்டும் கரு கலைகிறது, கணவரின் விந்தணுவில் உள்ள மரபுப் பொருளான டிஎன்ஏவின் சிதைவும் அதிகம் என்றால், புகையை நிறுத்திக் காத்திருப்பதிலும் நியாயம் இருக்கிறது, உடனே தொடங்குவதிலும் நியாயம் இருக்கிறது. வசதி இருந்தால், இப்போதே கருமுட்டைகளை எடுத்து உறையவைத்துவிட்டு, கணவரின் உடல்நிலையைத் தேற்றிக்கொள்ளும் வழியையும் எடுத்துச் சொல்கிறேன். செலவு கூடும் என்பதை மறைப்பதில்லை.

மாத்திரைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பலருக்கு 'காத்திருப்பது' என்றாலே மாதம் இரண்டாயிரம், மூன்றாயிரம் ரூபாய்க்குச் சத்து மாத்திரை வாங்குவதாக இருக்கிறது. துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரையை ஆண்களுக்கு ஆறு மாதம் கொடுத்து, 2,370 தம்பதியரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. விந்தின் தரமும் கூடவில்லை, குழந்தை பிறப்பு விகிதமும் கூடவில்லை. நான் இவற்றை அடியோடு தடுப்பதில்லை, ஆனால் மாத்திரைக்காக மட்டும் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்வதும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத லேகியத்தையும் சூரணத்தையும் நிறுத்தச் சொல்லிவிடுவேன்.

விந்தில் அணுக்களே இல்லாதவர் ஹார்மோன், மரபணுப் பரிசோதனைகளை உடனே செய்துகொள்ள வேண்டும். ஒய் குரோமோசோமில் ஒரு பகுதி இல்லாமை போன்ற காரணமென்றால் எத்தனை மாதம் பொறுத்தாலும் எண்ணிக்கை மாறாது. புற்றுநோய்க்கு கீமோதெரபி தொடங்க இருப்பவர், அதற்கு முன்பே விந்தை உறையவைத்துவிட வேண்டும்.

பொறுப்பது என்று முடிவானால், மறுபரிசோதனைத் தேதியையும், அன்று எண்கள் தேறவில்லை என்றால் செய்யப்போவதையும் மருந்துச் சீட்டிலேயே எழுதிவிடுகிறேன். அந்த இடைவெளியில் மனைவிக்கான பரிசோதனைகளை முடித்து வைக்கிறோம். மறுபரிசோதனை முடிவைக் கேட்க மனைவி மட்டும் கோப்பைத் தூக்கிக்கொண்டு வருவது இன்றும் நடக்கிறது. கணவரையும் உடன் அழைத்து வரச் சொல்லித்தான் அடுத்த தேதியைக் கொடுக்கிறேன்.