நன்கொடையாளர் பெயரும் நிரலின் உரிமையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துத் தமிழ்க் கோயில்களில் உபயதாரர் பெயர் பொறித்த பலகைகளைச் சுவரில் காணலாம். பெயர் பொறிக்கப்பட்டவர் என்பதற்காக ஒருவர் பூசை முறையை மாற்றச் சொல்ல முடியாது. நிரலை எவரும் பார்க்கவும் பயன்படுத்தவும் வெளியிடும் திறந்த மூல மென்பொருள் அமைப்புகள் நிறுவனங்களிடம் நன்கொடை பெறும் முறையும் இந்த வரம்பின் மீதே நிற்கிறது.

இத்தகைய மென்பொருள்களைப் பராமரிக்கும் அமெரிக்க அமைப்பான அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை, தொகைக்கேற்ப பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் எனப் படிநிலை வகுத்து, கொடுத்த நிறுவனத்தின் இலச்சினையை நன்றிப் பக்கத்தில் வெளியிடுகிறது. அமைப்பின் மூல நிரலில் நேரடியாக மாற்றம் செய்யும் அனுமதியோ, பங்களிப்பைப் பார்த்துத் தனிமனிதருக்கே வழங்கப்படுகிறது; எவ்வளவு பெரிய புரவலராயினும் நிறுவனத்துக்கு அது கிடையாது.

இலச்சினையோடு நிறுவனத் தளத்துக்கான இணைப்பும் இடம்பெறுவதால் இன்னொரு சிக்கல் எழுகிறது. நன்மதிப்புள்ள தளத்திலிருந்து வரும் இணைப்பைத் தேடுபொறிகள் பரிந்துரையாகக் கருதிச் சுட்டப்படும் தளத்தை முன்வரிசைக்கு உயர்த்தக்கூடும் என்பதால், மென்பொருளோடு தொடர்பே இல்லாத வணிகர்களும் இணைப்புக்காகவே சிறு தொகை கொடுக்க முன்வருவதுண்டு. 2019இல் கூகுள் இதற்கென ‘ஸ்பான்சர்டு’ என்னும் குறியீட்டை அறிமுகப்படுத்தியது. இணைப்பின் நிரல்வரியில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தால், அது பணம் பெற்று இடப்பட்டது எனத் தேடுபொறி அறிந்துகொள்ளும். வாசகர் கண்ணுக்கு இலச்சினை வழக்கம்போலவே தெரியும். இதைச் சேர்க்கத் தயங்கும் திட்டங்கள் தம் நற்பெயரையே விற்கின்றன என்பது என் கருத்து.

இதைவிடக் கவலைக்குரியது, பெயர் தெரியும் இடத்துக்கே பணம் செல்வதுதான். இணையப் பாதுகாப்பின் பெரும்பகுதியைத் தாங்கிய ஓப்பன்எஸ்எஸ்எல், பயனர் கண்ணில் படாத நிரல்தொகுப்பு. 2014 வரை அதற்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். அவ்வாண்டு ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழை, வந்த செய்தியில் சொல்லப்பட்ட நீளம் உண்மையா என்று சரிபார்க்காத ஒரு குறையால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் சேவையக நினைவகத்தில் 64 கிலோபைட் வரை அந்நியருக்குக் கசியவிட்டது. அதன் பிறகே கூகுள், மைக்ரோசாப்ட், அமேசான் முதலிய நிறுவனங்கள், தலா ஆண்டுக்கு 1,00,000 டாலர் வீதம் மூன்றாண்டுகளுக்குத் தர திறந்த மூலத் திட்டங்களை ஆதரிக்கும் லினக்ஸ் அறக்கட்டளை வழியே உறுதியளித்தன.

தென்னாப்பிரிக்க நிறுவனங்களுக்கு வரிக்கணக்கும் ஒரு தடை. வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு, அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்கு அளிக்கும் கொடைக்கே, வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிவு தருகிறது. அமெரிக்க அறக்கட்டளைக்கு நேரடியாக அனுப்பும் பணம் பொதுவாக அதில் சேராது. ஆகவே டர்பனிலுள்ள சிறு நிறுவனம் ஒன்று, தான் அன்றாடம் நம்பியிருக்கும் நிரல்தொகுப்பின் பிழைகளைத் திருத்துவதற்கு ஊழியர் ஒருவரின் வேலைநேரத்தில் ஒரு பகுதியை ஒதுக்குவதே எளிய வழி; அந்தப் பங்களிப்பைச் செய்தவரின் பெயரும் நிறுவன மின்னஞ்சல் முகவரியும் நிரலின் மாற்ற வரலாற்றிலேயே பதிவாகிவிடும்.