கிணற்றுத் தண்ணீர்: லேபுக்குக் கொண்டுபோகும் முன்

கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தீர்களா என்று கேட்டால் பலர் டி.டி.எஸ். மீட்டரைத்தான் நீட்டுகிறார்கள். அது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை மட்டும் சொல்லும். 300 காட்டும் தண்ணீரில் மலக்கிருமி இருக்கலாம், ஃப்ளோரைடும் இருக்கலாம். தர்மபுரிப் பக்கம் குடிக்க நன்றாக இருக்கிற போர் தண்ணீரிலேயே ஃப்ளோரைடு கூடியிருப்பதுண்டு. இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டு, கரண்ட் கொடுத்து, பழுப்பாக்கிக் காட்டும் ஃபில்டர் வியாபாரியையும் நம்பாதீர்கள். அந்தப் பழுப்பு, கம்பி கரைந்து வந்த இரும்பு!

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ரசாயனம், கிருமி இரண்டையும் கேளுங்கள். மழை தொடங்கியதும் கிருமிக்கு, மே மாதத்தில் ரசாயனத்துக்கு என்று பிரித்துச் செய்தால் இன்னும் நல்லது.

முடிவு கெட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீர் பிடிக்கும்போதுதான். ரசாயனத்துக்கு 1 லிட்டர் புது பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி நிரப்புங்கள். கிருமிக்கு ஆய்வகம் தரும் பாட்டில் மட்டுமே. அதை அலசவே கூடாது. போர் என்றால் மோட்டாரை 5 நிமிடம் ஓடவிட்டு, குழாய் வாயைத் தீயில் காட்டிவிட்டுப் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் உருகிவிடும், ஸ்பிரிட்டால் துடையுங்கள். மேல்தொட்டிக் குழாயில் பிடித்தால் தொட்டியின் அழுக்கும் சேர்ந்து வரும். மூடியின் உள்பக்கம் விரல் படாமல், பாட்டிலில் கொஞ்சம் காலியிடம் விட்டு, ஐஸ் பெட்டியில் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். 24 மணி நேரம் தாண்டினால் வீண்.

அறிக்கையில் முதலில் மூன்றைப் பாருங்கள். லிட்டருக்கு நைட்ரேட் 45 மில்லிகிராம், ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாது; 100 மில்லியில் ஈ.கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் கூடிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கலக்காதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட்டும் ஃப்ளோரைடும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

கிருமி இருந்தால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர். 3 மீட்டர் அகலமுள்ள வட்டக் கிணற்றில் 4 மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 28,000 லிட்டர், அதற்கு 70 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் கிணற்றில் விட்டுக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் இறைக்க வேண்டாம். பல நாள் திறந்துகிடந்த மூட்டையில் குளோரின் வீரியம் இருக்காது.

செப்டிக் டேங்க் 15 மீட்டருக்குள் இருந்தாலோ, கிணற்றைச் சுற்றிய தளம் வெடித்திருந்தாலோ கிருமி திரும்ப வரும். மறுசோதனைக்குக் குளோரின் வாசனை முழுதும் போனபின் தண்ணீர் எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் சுத்தம் என்றுதான் அறிக்கை வரும்.